முதல் அலசின தண்ணீர்

ஜனவரி 14

நாத்தனாருக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் சுகமா என்று கேட்கப்போவதில்லை. பனித்துளியைப் பற்றி நான்கு பக்கம் எழுதத் தெம்பு இருக்கிறவர் சுகமாகத்தான் இருப்பார்.

உங்கள் மடத்து மலையில் போன் எடுக்காது என்பதால் எழுதுகிறேன். எடுத்தாலும் எழுதத்தான் செய்வேன். போனில் எனக்குக் குரல் ஏறிவிடும், பக்கத்தில் மடத்துத் தலைவி மதர் நிற்பார், சங்கடம் உங்களுக்குத்தான். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்தது, கோபம் வந்தது. "அண்ணி, இலை நுனியில் நின்ற ஒரு துளியில் இன்று கடவுளைக் கண்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதையேதான் உங்கள் அண்ணனும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஞாயிறுதோறும் எங்களுக்குள் இது ஒன்றுதான் சண்டை. "பூசைக்கு வாங்க" என்பேன். "அங்க ஒரே கூட்டம். குவாரித் தண்ணியோரம் மரம் இருக்கு, கொக்கு இருக்கு, எல்லாத்துலயும் அவருதான் இருக்காரு. நான் அங்கயே பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்று தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வாரம் முழுக்க பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிற மனுசன், ஒருநாள் காற்று வாங்கிவிட்டுப் போகட்டுமே என்று அவருக்காகப் பேச வந்தவர்களிடமும் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

அவருடைய கடைசி ஞாயிறும் அப்படித்தான். நான் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். அவர் கரையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய் பூசவில்லை, பக்கத்தில் நான் இல்லை. அடக்கத்துக்கு வந்தீர்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். நான் கேட்க நினைத்ததைக் கேட்க நேரமே இல்லை. அதனால் இதில் கேட்கிறேன். உங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தாரா, இல்லையா? நம் பங்குச் சாமியாரிடம் கேட்டால் "அவருடைய இரக்கம் பெரிசும்மா" என்கிறார். டிப்போவில் ஏதாவது கேட்டுப் போனால் "மேல அனுப்பியிருக்கோம்" என்பார்களே, அதே குரல். நீங்கள் படித்தவர், மடத்தில் இருப்பவர், அவருடைய ரத்தம். ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை போதும்.

இன்னொரு சின்ன விஷயம். கோயில் பீடத்துத் துணிகளை நான்தான் துவைக்கிறேன், உங்களுக்குத் தெரியும். கிண்ணத்துக்கும் தட்டுக்கும் அடியில் விரிக்கிற துணியில் நற்கருணை அப்பத்தின் துணுக்கு ஒட்டியிருக்கலாம் என்பதால், சோப்புப் போடும் முன்னே வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். இதுவரை கோயில் தோட்டத்தில் ஊற்றினேன். அவர் போனபிறகு அங்கே போனால் ஆளுக்கு ஆள் பிடித்துவைத்து ஆறுதல் சொல்கிறார்கள். தாங்க முடியவில்லை. துணியை வீட்டுக்கு எடுத்துவந்து, அடுப்படிக்குப் பின்னால் சுவரோரம் ஊற்றினேன். அங்கே ஒரு பூசணிக்கொடி முளைத்து, இப்போது காயும் காய்த்திருக்கிறது. அதைச் சாப்பிடலாமா?

அண்ணி


ஜனவரி 25

அன்புள்ள அண்ணி,

இறைவனின் அமைதி உங்கள் வீட்டில் தங்கட்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே ஒரு பசு கன்று போட்டது. ஈரம் காயாத அந்தக் கன்று தள்ளாடித் தள்ளாடி எழுந்து நின்றதைப் பார்த்தபோது உங்களை நினைத்துக்கொண்டேன். விழுந்தவர்களை எழுப்புகிறவர் அவர்தானே. படைப்பு முழுவதும் ஒரு திருநூல் என்று எங்களுக்குப் பாடம் எடுத்த சாமியார் சொல்வார். வேதத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் கடவுள் மலையையும் மழையையும் எழுதிவைத்திருக்கிறார் என்பார்.

உங்கள் பூசணிக்கொடியைப் பற்றிப் படித்து எனக்குக் கண் கலங்கியது. எவ்வளவு பெரிய மறைபொருள். பீடத்தைத் தொட்ட தண்ணீர், நீங்கள் அழுதுகொண்டே அலசிய தண்ணீர், மண்ணில் இறங்கி, இலையாகி, பூவாகி, கனியாகி வருகிறது. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தானே பலன் தரும். அண்ணன் அந்த மண்ணிலிருந்து உங்களோடு பேசுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கொடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்து பாருங்கள், அண்ணி. கேள்விகள் தாமாகவே அடங்கும்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. காலையில் கொட்டகைக்குப் போகும் வழியில் எதிரில் வருகிறவர் முகம் தெரிவதில்லை. அதுகூட ஒரு பாடம்தான்.

உங்களுக்காக ஜெபிக்கும்,
நாத்தனார்


பிப்ரவரி 3

சிஸ்டரம்மா,

பூசணிக்காயைச் சாப்பிடலாமா என்று கேட்டால் கன்றுக்குட்டி பிறந்தது என்று பதில் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டால் பனி விடவில்லை என்று பதில் வருகிறது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படிப் பதில் எழுதியிருந்தால் எந்த டீச்சரும் பாஸ் போட்டிருக்க மாட்டார்.

கொடிக்குப் பக்கத்தில் அமைதியாக உட்காரச் சொன்னீர்கள். உட்கார இடம் இருந்தால்தானே. மாடிவீட்டு அக்கா உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் வாய் தவறி, தண்ணீர் எங்கே ஊற்றினேன் என்பதை அவளிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே இறங்கி வந்து, குனிந்து காயை உற்றுப் பார்த்தாள்.

"நல்லாப் பாரு. வயித்துப் பக்கம் ஒரு முகம் தெரியுது."

"அது பூச்சி கடிச்ச தடம்க்கா."

"அந்தப் பூச்சிய அனுப்புனது யாரு?"

இப்போது தினமும் ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து ஏற்றுகிறாள். கூட இரண்டு பேரை அழைத்தும் வந்தாள். ஒருத்தி மூட்டுவலிக்கு இலை கேட்டாள். என் துவைக்கிற கல்லுக்கும் கொடிக்கும் நடுவில் மூன்று பேர் முட்டிபோட்டால் நான் துணியை எங்கே அலசுவது?

செய்தி கோயிலுக்குப் போய்விட்டது. பூசைக்கு எல்லாம் எடுத்துவைக்கிற உபதேசியாரை உங்களுக்கு நினைவு இருக்கும். சாம்பிராணிப் புகை பட்டால் தும்முவார், ஊரே அவரைத் தும்மல் என்றுதான் சொல்லும். அவர் வாசலில் வந்து நின்றார்.

"முதல் தண்ணிய எங்கம்மா ஊத்துற?"

"வீட்டுக்குப் பின்னாடி."

"பின்னாடின்னா?"

"செவுத்தோரம். கொடி இருக்கே, அங்க."

"குப்ப கொட்டுற எடத்துலயா?"

"குப்ப கொட்டுறத நிறுத்திட்டு அப்புறம்தான் ஊத்துனேன். கொட்டுனதுல கெடந்த வெதைதான் மொளைச்சிருக்கு."

அவர் தும்மினார். சாம்பிராணியே இல்லாமல் தும்மினார்.

"அந்தக் காய யாரும் தொடாதீங்க. வெட்டவும் கூடாது, விக்கவும் கூடாது, ஆட்டுக்குப் போடவும் கூடாது. ஃபாதர்கிட்டக் கேக்கணும்."

"கேட்டாச்சா?"

"கேட்டேன். பார்ப்போம்னு சொன்னாரு."

அவர் பார்ப்பதற்குள் காய் அழுகிவிடும். அழுகினால் அதை எங்கே போடுவது என்று அடுத்த வழக்கு வரும். என் வீட்டுச் சுவரோரம் நான் கால் வைக்க மற்றவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் எதனால் வந்தது? கோயில் தோட்டத்துக்குப் போய் நாலு பேர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லாததால் வந்தது. அதனால் உங்கள்மேல் கோபப்பட எனக்கு நியாயம் இல்லை, ஆனாலும் படுகிறேன்.

நான் கேட்டதை மறுபடி எழுதுகிறேன். உங்கள் அண்ணன் மரத்தையும் தண்ணீரையும் பார்த்து ஆண்டவரைப் பார்க்கிறேன் என்றார். நீங்களும் அதையே எழுதுகிறீர்கள். அது உண்மை என்றால் இத்தனை ஞாயிறு நான் அவரோடு சண்டை போட்டது வீண். பொய் என்றால் அவர் எங்கே? இரண்டில் ஒன்று சொல்லுங்கள். பசு, கன்று, பனி எதுவும் வேண்டாம்.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணி,

சரி. நேராகவே சொல்கிறேன்.

காயை வெட்டுங்கள், சமையுங்கள், சாப்பிடுங்கள். அப்பம் அப்பமாகத் தெரிகிற வரைக்கும்தான் அதில் ஆண்டவருடைய உடல். துணுக்கு தண்ணீரில் கரைந்து, அப்பம் என்று சொல்ல எதுவும் மிச்சம் இல்லாமல் போனால், அந்த இருப்பும் அங்கே இல்லை. அதை மண்ணில் ஊற்றுவது மரியாதைக்காக. வந்த விருந்தாளி உட்கார்ந்த பாயை வாசலில் தூக்கிப் போடுவோமா? அதுபோல. உபதேசியாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். எங்கள் ஆன்ம குருவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். மாடிவீட்டு அக்காவிடம் மெழுகுவர்த்தியை மாதாவுக்கு ஏற்றச் சொல்லுங்கள்.

இலையில் கடவுளைக் கண்டேன் என்று நான் எழுதியது வேறு. ஒரு செடி இந்த நிமிடம் இருக்கிறது என்றால் அவர் அதை இருக்க வைத்துக்கொண்டிருப்பதால் இருக்கிறது. அவர் கையை எடுத்தால் செடியும் இல்லை, நானும் இல்லை. செடியைப் பார்த்து அவரை வணங்கலாம், செடியை வணங்கக்கூடாது. அப்பத்தில் அவர் இருப்பது அப்படி அல்ல. அங்கே அவர் நம் கையில் தம்மைக் கொடுக்க வருகிறார்.

நான் எழுதுவது உங்களுக்கு எரிச்சலாக இருந்தால் மன்னியுங்கள். எனக்கு வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நாத்தனார்


பிப்ரவரி 20

நாத்தனாருக்கு,

முதல்முறையாக நீங்கள் எழுதியது எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. நன்றி.

காயை வெட்டினேன். தும்மல் கடிதத்தைக் கேட்டு வாங்கி, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "மடத்து முத்திரை ஒண்ணும் இல்லையே" என்றார். "முத்திரையோட வேணும்னா நீங்களே மலையேறிப் போய் வாங்கிட்டு வாங்க" என்றேன். பெரிய துண்டாக ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். மாடிவீட்டு அக்காதான் முகம் வாடிவிட்டாள்.

"அப்ப நான் ஏத்துன மெழுகுவத்தியெல்லாம்?"

"வெளிச்சமா இருந்துச்சுக்கா."

பாதியை அவளுக்குக் கொடுத்தேன். வேகவைத்து நானும் சாப்பிட்டேன். கொஞ்சம் இனிப்பாக இருந்தது. பூசணிக்காய் ருசிதான், வேறொன்றும் இல்லை. நான் வேறு எதையோ எதிர்பார்த்திருக்கிறேன் என்று வாயில் வைத்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் நீங்கள் எழுதியதை நினைத்துக்கொண்டே துணிக்குக் கஞ்சி போட்டேன், இஸ்திரி போட்டேன், மடித்தேன். மடிக்க மடிக்க மனசு கனத்துக்கொண்டே வந்தது. செடியை ஆண்டவர் தாங்கிக்கொண்டு நிற்கிறார், அப்பத்தில் அவர் தம்மைக் கொடுக்கிறார். அப்படித்தானே? அப்படியானால் உங்கள் அண்ணன் அத்தனை வருசம் பார்த்துக்கொண்டே இருந்தார், கொடுத்ததைக் கை நீட்டி வாங்கவில்லை. சோறு போட்டு வைத்திருக்கிற வீட்டு வாசலில் உட்கார்ந்து, வீடு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனவரை, வீட்டுக்காரர் என்ன செய்வார்? கோபித்துக்கொள்வாரா, இல்லையா? நானாக இருந்தால் கோபித்துக்கொள்வேன்.

நானும் இப்போது அந்த அப்பத்தை, நன்மையை, வாங்குவதில்லை. பூசைக்குப் போகிறேன். வரிசை என் பக்கம் வரும்போது குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வேன். வார் நன்றாகத்தான் இருக்கிறது. அவருக்கு இல்லாத ஒன்றை நான் மட்டும் எப்படி வாங்குவது? பக்கத்தில் இருப்பவர்கள் இவளுக்கு ஒரு புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தால் என்ன என்று நினைத்துக்கொள்வார்கள்.

பூசணிக்காய்க்கு நேராகப் பதில் சொல்லத் தெரிந்த உங்களுக்கு உங்கள் கூடப்பிறந்தவரைப் பற்றிச் சொல்லத் தெரியாதா? உங்கள் ஆன்ம குருவிடம் இதையும் கேட்டு எழுதுங்கள். உங்கள் அண்ணன் ஆண்டவரிடம் இருக்கிறாரா, இல்லையா? எவ்வளவு கஷ்டமான பதிலாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். இந்த மழுப்பலைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணி


மார்ச் 2

அண்ணி,

எனக்கும் பொறுமைக்கு ஓர் அளவு இருக்கிறது.

இந்த உடுப்பைப் போட்டிருப்பதால் என் அறையில் ஒரு சன்னல் இருக்கிறது, அதைத் திறந்து அந்தப் பக்கம் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லலாம் என நினைக்கிறீர்கள். என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சிலுவையில் ஒரு பாடுபட்ட சுரூபம். இருக்கிற ஒரு சன்னலும் மாட்டுக்கொட்டகையைப் பார்த்துத்தான் திறக்கும்.

அவர் உங்களுக்குக் கணவர். எனக்கு அண்ணன். அப்பா செத்தபிறகு என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். நீங்கள் அழுதால் மாடிவீட்டு அக்கா இறங்கி வருவாள். நான் அழுதால் "சிஸ்டருக்கு இன்னும் பற்று விடவில்லை" என்பார்கள். உங்களுக்குத் தெரியாது, அண்ணி. அவர் போனதிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து வாய் அசைக்கிறேன், உள்ளே ஒன்றும் இல்லை. நீங்கள் கேலி செய்கிறீர்களே அந்தப் பனித்துளி, அதை ஏன் பார்த்தேன் தெரியுமா? மணி அடித்த பிறகும் உள்ளே போகக் கால் வரவில்லை. வெளியே தோட்டத்திலேயே நின்றேன். கண் எதிரே ஓர் இலை இருந்தது, அதில் ஒரு துளி இருந்தது. விழப்போகிற மாதிரியே இருந்தது, விழவில்லை. அதையே பார்த்தேன். அப்போதுதான் நெஞ்சுக்குள் கொஞ்சம் மூச்சு இறங்கியது. ஆண்டவர் அங்கே இருந்தார். அதைத்தான் எழுதினேன். அலங்காரத்துக்காக எழுதவில்லை.

அண்ணன் இங்கே என்னைப் பார்க்க வருவார். பால் வண்டிக்கு டயர் மாற்றிக் கொடுப்பார். எங்கள் கோயிலுக்குள்ளும் வந்ததில்லை. வாசற்படியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் உங்களைப் போலவே சண்டை போட்டேன். ஒருமுறை, "உள்ள வந்தா என்ன கொறஞ்சுபோவீங்க?" என்று கேட்டதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "உள்ள எல்லாரும் ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கீங்க. ஒருத்தனாவது ஒண்ணும் கேக்காம வெளிய உக்காந்திருக்கட்டுமே." அது விசுவாசமா, திமிரா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அன்று திமிர் என்று நினைத்தேன். இப்போது தெரியவில்லை.

ஆமாம் என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதினால் அது நான் சொன்னதாக இருக்கும், ஆண்டவர் சொன்னதாக இருக்காது. நரகத்துக்குப் போனான் என்று திருச்சபை எந்த மனுசன் பெயரையும் சொன்னதில்லை. இன்னார் சேர்ந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. குருவிடம் கேட்டேன். அவரும் இதைத்தான் சொன்னார், கொஞ்சம் அழகான வார்த்தைகளில்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இதைக் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம் என்று நினைத்தேன். வேண்டாம், இப்படியே அனுப்புகிறேன்.

நாத்தனார்


மார்ச் 9

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் பிறகு எழுதுகிறேன். ஜலதோஷம்.

அண்ணி


மார்ச் 24

அன்பு அண்ணி,

ஜலதோஷம் இன்னுமா விடவில்லை? நான் எழுதியது உங்களைப் புண்படுத்திவிட்டது என்று தெரிகிறது. இரண்டு வரியாவது எழுதுங்கள். திட்டியே எழுதுங்கள், பரவாயில்லை. கொடி எப்படி இருக்கிறது?

நாத்தனார்


ஏப்ரல் 8

நாத்தனாருக்கு,

உனக்கு நான் தலைவாரி விட்டிருக்கிறேன். பேன் பார்த்திருக்கிறேன். உடுப்புப் போட்ட நாளிலிருந்து நீங்கள் என்று கூப்பிட்டு வந்தேன், இந்தக் கடிதத்தில் அது வரவில்லை. மதர் படித்தாலும் படித்துக்கொள்ளட்டும்.

புண்படவில்லை. முதல் இரண்டு நாள் கோபம் இருந்தது, அதன்பிறகு வெட்கம். இந்த வீட்டில்தான் சாவு விழுந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் விழுந்திருக்கிறது, எனக்குத் தோன்றவே இல்லை. கொடி காய்ந்துவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டேன். துணியைப் பழையபடி கோயிலிலேயே அலசுகிறேன். ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் ஈரத்துணியின் ஒரு முனையைக் கொடுத்துப் பிழியச் சொல்கிறேன். இப்போது அவ்வளவாக வருவதில்லை.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். நீயே ஒன்றும் தெரியாது என்று சொன்னபிறகு வேறு யாரிடம் போவது? உன் அண்ணன் உட்கார்ந்த இடத்தையே போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இவ்வளவு நாளாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. முதல் பூசையை முடித்துக்கொண்டு, இரண்டாம் பூசைக்கு ஜனம் உள்ளே போகும்போது நான் வெளியே வந்தேன். தும்மல் பார்த்தார். "எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார். "மீன் புடிக்க" என்றேன்.

குவாரித் தண்ணீரை நீ பார்த்ததில்லை. அவர் பேசியதை வைத்து நானும் ஏதோ சொர்க்கம் என்று நினைத்திருந்தேன். கல் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளம். பாசி. பிளாஸ்டிக் குப்பிகள். ஒரு பக்கம் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அவரோடு வழக்கமாகத் தூண்டில் போடுகிற ஒருவர் இருந்தார், தக்கை என்று கூப்பிடுவார்கள், அடக்கத்துக்கும் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து தன் கல்லைத் துடைத்துக் கொடுத்தார். உட்கார்ந்தேன்.

உன் அண்ணன் என்ன பார்த்தாரோ அதைப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணை அகல விரித்துக்கொண்டு பார்த்தேன். ஆண்டவர் தெரியவில்லை. கொசு கடித்தது. இதற்குத்தானா இத்தனை வருசம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, கோயிலில் அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது அடிக்கிற எழுந்தேற்ற மணி அடித்தது. அவ்வளவு தூரத்துக்கும் தெளிவாகக் கேட்டது. தக்கை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணனா இருந்தா இந்நேரம் எந்திரிச்சிருப்பாரு."

"எதுக்கு?"

"மணி கேட்டா எந்திரிச்சு நிப்பாரு. தூண்டில்ல மீன் இழுத்தாலும் நிப்பாரு. தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்குவாரு. மணி நின்னதும் உக்காருவாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம்."

"எதுக்குன்னு கேக்கலயா?"

"ஒருவாட்டி கேட்டோம். 'உள்ள எங்க வீட்டுக்காரி முட்டி போட்டிருப்பா, நான் மட்டும் எப்படி உக்காந்திருக்கறது'ன்னாரு."

பார்த்தாயா உன் அண்ணனை? ஆண்டவருக்காக எழுந்தாரா, எனக்காக எழுந்தாரா? இத்தனை வருசம் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்ற மனுசன், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நான் பாதிச் சண்டையாவது குறைத்திருப்பேன். செத்தபிறகும் அவரிடமிருந்து நேரான பதில் ஒன்று வாங்க முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது. தக்கை பாவம், தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுது முடித்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வரும்போது தண்ணீர் சுருங்கும், காற்று நின்றால் விரியும். மேகம் உள்ளே நகர்ந்தது. லாரிக்காரர்கள் போய்விட்டார்கள். அழகு என்று சொல்ல மாட்டேன், அந்தக் குப்பிகள் அங்கேயேதான் கிடந்தன. ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் இதுவரைக்கும் எதையும் சும்மா பார்த்ததே இல்லை. துணியைப் பார்த்தால் கறை போயிற்றா என்று பார்ப்பேன். வானத்தைப் பார்த்தால் துணி காயுமா என்று பார்ப்பேன். பீடத்தைப் பார்த்தாலும் விரிப்பு கோணலாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். நீ எழுதினாயே, ஆண்டவர் படைப்பைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார், அப்பத்தில் கொடுக்கிறார் என்று. உன் அண்ணன் பார்த்தார், வாங்கவில்லை. நான் வாங்கினேன், ஒருநாளும் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு, முழுசும் தன்னிடம் இருப்பதாக இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறோம்.

அப்போதுதான் வாய் திறந்தது. அவர் போனபிறகு நான் ஆண்டவரிடம் பேசியது அதுதான் முதல். ஜெபம் என்று நீ ஒப்புக்கொள்வாயோ என்னவோ. சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"சாமி, இந்த மனுசன் இங்க உக்காந்து உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்ப நீங்க எங்க பாத்துக்கிட்டிருந்தீங்க? உள்ள இருந்த எங்களையா? எங்களையே எவ்வளவு நேரம் பாப்பீங்க? ஒருத்தரு இப்படி உங்க மொகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, நீங்களும் ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாத்திருப்பீங்கல்ல? பாக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

தக்கை தூண்டிலைச் சுருட்டிக்கொண்டார். "அக்கா, இப்படிச் சத்தம் போட்டா மீன் கிட்டயே வராது" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கக் கரைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நன்மை வாங்குவேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. நீ கோயிலுக்குள் போகிறாயா என்று நானும் கேட்க மாட்டேன். கால் வராத நாளில் தோட்டத்தில் நில். அதற்கு யாராவது ஏதாவது சொன்னால் எனக்கு எழுது, நான் மதருக்கு எழுதுகிறேன்.

ஆண்டவர் பதில் சொன்னாரா என்றுதானே அடுத்து கேட்பாய்? சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கொக்கு எழுந்து பறந்துபோனது. நீயாக இருந்தால் அதைப் பதில் என்று எழுதுவாய். நான் எழுத மாட்டேன், அதற்கு இரை கிடைக்கவில்லை, போயிற்று. நான் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டியவரிடமே கேட்டுவிட்டேன். இனி அவர் பாடு.

அண்ணி